பின் சீட்டில் ஆள் ஏறாத வண்டி

1

வண்டி வாங்கி இந்த மாதத்தோடு ஒரு வருடம். என் மனைவி ஸ்டெல்லா அதன் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டாள். மேல்கூரை திறந்திருக்கிறது. நான் பக்கத்தில் நிற்கிறேன். திருச்சியில் நம் கார் ஸ்டாண்டு ஆட்கள் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்கள். ‘சேவியர் ஹீரோ ஆயிட்டான்.’ ‘கூரை வாங்கக் காசு பத்தலையா மாப்ள?’ ஒருவர் மட்டும் சரியாகக் கேட்டிருந்தார். ‘ஏன்டா, குடும்பஸ்தன் வாங்குற வண்டியாடா இது?’

அவருக்குப் பதில் போனில் அடிக்க முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன். நீட்டி எழுத வராது.

ஊரில் நான் ஆக்டிங் டிரைவர். உங்களுக்கு விளக்க வேண்டாம். வண்டி வைத்திருக்கிறவர் கூப்பிடுகிற அன்று போய் ஓட்டி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, டவுன் பஸ்ஸில் வீடு திரும்புகிறவன். கல்யாணம், ஆஸ்பத்திரி, வேளாங்கண்ணி, ஏர்போர்ட். ஏறுகிறவர்கள் பின்னால் ஏறுவார்கள். கண்ணாடியில் அவர்கள் முகம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு என் முதுகுதான் தெரியும். இத்தனை வருடத்தில் சொந்த வண்டி என்று ஒரு சைக்கிள்தான்.

இன்றைக்கும் போன் அடித்தால், “சொல்லுங்க சார், எங்க போகணும்?” என்றுதான் வாய் வருகிறது. பேங்கிலிருந்து யாராவது அமெரிக்காக்காரி கூப்பிட்டாலும் அப்படித்தான். வீட்டில் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்து விசா வந்தது. அவள் பேப்பரில் நானும் மகள் ஜெனியும் வந்தோம். ஜெனிக்கு அப்போது ஆறு வயது. இப்போது பதினாறு. நியூஜெர்சியில் ஐசலின் பக்கம் இரண்டு ரூம் அபார்ட்மென்ட். நான் ஒரு மளிகைக் குடோனில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறேன். அரிசி மூட்டை, எண்ணெய் டின், ஊறுகாய்ப் பெட்டி. அந்த வண்டியில் ஒரே சீட்டு. பின்னால் யாரும் உட்கார முடியாது. அது ஒரு நிம்மதி.

ஸ்டெல்லாவுக்கு நைட் டூட்டி. விடிந்துதான் வந்து படுப்பாள். ஜெனியை ஸ்கூலில் விடுவது என் வேலை, ஸ்டெல்லாவின் காரில். இங்கே சின்னப் பிள்ளைகளைப் பின் சீட்டில்தான் வைக்க வேண்டும், சட்டம். ஜெனி வளர்ந்தாள். சட்டம் முடிந்தது. பின் சீட்டு முடியவில்லை. ஏறியதும் காதில் எதையோ மாட்டிக்கொள்வாள். இறங்கும்போது ‘பை’ என்பாள்.

போன வருடம் ஒரு காலை. ஸ்கூல் வாசல். ஜெனி இறங்கிக் கதவை மூடினாள். என் பக்கம் கண்ணாடி இறங்கியிருந்தது. அவளோடு படிக்கிற ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டாள்.

“இஸ் தட் யுவர் ஊபர்?”

“கைண்ட் ஆஃப்” என்றாள் ஜெனி.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். கைண்ட் ஆஃப் என்றால் ‘ஒரு மாதிரி அப்படித்தான்.’ அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும்.

கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அன்று குடோனில் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரே அடுக்கை மூன்று தரம் மாற்றி வைத்தேன். மத்தியானம் சாப்பிடும்போது முடிவு செய்தேன். பின்னால் ஆள் உட்கார முடியாத வண்டியாக ஒன்று வாங்க வேண்டும். ஏறினால் என் பக்கத்தில்தான் ஏற வேண்டும்.

வாங்கின காரணம் இவ்வளவுதான். காற்றுக்கும் இல்லை, ஸ்டைலுக்கும் இல்லை. ஸ்டெல்லாவிடம்கூடச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

2

குடோனில் என்னோடு வேலை செய்கிற முருகேசன், சேலத்துப் பையன், போனில் தேடிக் கொடுத்தான்.

“அண்ணே, இந்தா. ரெண்டு கதவு. ஓபன் டாப்பு. அமெரிக்கன் வண்டி, கொஞ்சம் பழசு. பின் சீட்டு பேருக்குத்தான். ஒரு காய்கறிப் பை வெக்கலாம்.”

“ஆள்?”

“ஆள வெச்சா எடுக்கறதுக்குக் கிரேன் வேணும்.”

அது போதும் என்றேன். விளம்பரத்தில் அந்த வண்டிக்குக் கீழே ‘டெய்லி டிரைவர்’ என்று போட்டிருந்தது. அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்ததும் நம்பிக்கை வந்தது. தினமும் டிரைவர் வருகிற வண்டி என்றால் சொந்தக்காரர் வசதியானவர். டிரைவர் கை பட்ட வண்டி என்றால் கிளட்சு, பிரேக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். முருகேசனிடம் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வண்டி பார்சிப்பனி தாண்டி ஒரு ஊரில் இருந்தது. முருகேசன் தன் காரில் கூட்டிப்போனான். இங்கிலீஷுக்கு ஜெனியை அழைத்துக்கொண்டேன். வர மாட்டேன் என்றவள், ஓபன் டாப்பு என்றதும் வந்தாள்.

மெரூன் நிறம். கறுப்புத் துணிக் கூரை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் துணியால் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வேர் இஸ் டிரைவர்?” என்று கேட்டேன்.

அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எனக்குச் சந்தோஷம். நம்ம ஆள். இந்த வயதிலும் முதலாளி வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்! குரலைத் தாழ்த்தி, “ஓனர் இன்சைட்?” என்றேன்.

ஜெனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஓ மை காட், அப்பா. டெய்லி டிரைவர் இஸ் த கார். நாட் எ பெர்சன்.”

“என்னது?”

“தினம் ஓட்டுற கார். அதுதான் டெய்லி டிரைவர். ஹி இஸ் த ஓனர்!”

முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

சமாளிக்க வேண்டுமே. பெரியவரிடம், “மீ ஆல்ஸோ டிரைவர். இந்தியா. ஆக்டிங் டிரைவர்” என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். “ஆக்டிங்? இன் த மூவீஸ்?”

‘மூவிங்’ என்று என் காதில் விழுந்தது. வண்டி ஓட்டுவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “யெஸ், யெஸ். ஆல் டே மூவிங். சம்டைம் நைட் ஆல்ஸோ.”

அவர் உள்ளே பார்த்துத் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எதற்கென்று விளங்கவில்லை. இங்கே வண்டி விற்றால் இப்படித்தான் போல என்று விறைப்பாக நின்றேன். ஜெனி அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாள்.

சாவி கைக்கு வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். இந்தியாவில் சினிமாவுக்குக் கார் ஓட்டுகிறவர் என்று நினைத்துவிட்டார்களாம்.

“ஏம்மா, இல்லன்னு சொல்லிருக்கலாம்ல?”

“தே வேர் சோ ஹாப்பி, அப்பா.”

கூரை திறந்தே இருந்தது. நான் வலது பக்கக் கதவைத் திறந்து பிடித்தேன். ஜெனி வந்தாள். முன் சீட்டின் ஓரத்தில் இருந்த லிவரைத் தட்டினாள். சீட்டு மடங்கியது. அந்தச் சந்தில் நுழைந்து, பின் சீட்டில் காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்துகொண்டாள். காதில் மாட்டிக்கொண்டாள்.

முருகேசன் தன் காரிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஃப்ரீவேயில் ஏறியதும் பின்னாலிருந்து கத்தினாள். “இட்ஸ் சோ விண்டி பேக் ஹியர்!”

“முன்னாடி வா. நிறுத்துறேன்.”

“ஐம் ஃபைன்!”

கண்ணாடியில் பார்த்தேன். முகம் முழுக்க முடி. முன்னால் அப்படி ஒன்றும் காற்று இல்லை. பிள்ளை மிகைப்படுத்துகிறாள் என்று நினைத்தேன்.

3

வண்டியை என் பேருக்கு மாற்ற வேண்டும். என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். சேவியர். அப்பா அருளப்பனுடைய ‘அ’ ஊரோடு நின்றுவிட்டது. இங்கே ஒற்றைப் பெயரோடு ஆளை உள்ளே விட மாட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு எஃப்.என்.யு என்று மூன்று எழுத்தைப் போட்டு, சேவியரைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். லைசென்ஸிலும் அப்படியே.

மோட்டார் வண்டி ஆபீஸில் கூப்பிட்டார்கள். “ஃப்னூ! மிஸ்டர் ஃப்னூ!”

யாரோ சீனாக்காரர் என்று நான் உட்கார்ந்திருந்தேன். “அப்பா, தட்ஸ் யூ” என்றாள் ஜெனி.

கவுன்டரில் இருந்த அம்மா நல்லவர். ஃப்னூ என்பதை நான் எப்படிச் சொல்வேன், தான் சொன்னது சரியா என்று மரியாதையாகக் கேட்டார். சரிதான் என்றேன். வேறு என்ன சொல்வது?

முதல் முதலாக எனக்கென்று ஒரு வண்டி. பேப்பரில் சொந்தக்காரர் பெயர், பெயர் தெரியாதவர்.

4

பழைய ஓபன் டாப்பு வண்டியைத் தினமும் ஓட்டுகிறவன் வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்துச் சாவான். காலையில் எழுந்ததும் வானம். குடோனில் ஷட்டர் தூக்கும்போதெல்லாம் வானம்.

“அண்ணே, மழை வந்தா நான் சொல்றேன். நீங்க மூட்டைய இறக்குங்க” என்பான் முருகேசன்.

கூரையை மூடினாலும் ஒழுகும். இடது முழங்கால் மேல் சொட்டும். அதற்கு ஒரு துண்டு வைத்திருந்தேன். மழைக்குத் தெரியுமோ என்னவோ, துண்டு வைத்த இடத்தை விட்டு அடுத்த இடத்தில் சொட்டும். குளிரில் ஹீட்டர் போட்டால் கால் வேகும், காது உறையும். பின் கண்ணாடி பிளாஸ்டிக். மஞ்சள் பாரித்துவிட்டது. பின்னால் வருகிறது லாரியா போலீஸா என்று நெருங்கினால்தான் தெரியும்.

ஆனாலும் நின்றது கிடையாது. சாவியைத் திருப்பினால் எழுந்துகொள்ளும். உடம்பு சரியில்லாவிட்டாலும் வேலைக்குப் போகிற ஆள் மாதிரி.

கூரைக்கு ஒரு மோட்டார் உண்டு. முன் கண்ணாடிக்கு மேலே இரண்டு கொக்கிகள், இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டையும் விடுவித்து சுவிட்சை அமுக்கினால் கூரை தானாகப் பின்னால் மடியும். பனிக்காலத்தில் அந்த மோட்டார் போய்விட்டது. அதன் பிறகு கையால்தான். ஓர் ஆளால் முடியாது, கோணிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஆள் நின்று ஒரே நேரத்தில் தூக்க வேண்டும்.

வெயில் வந்ததும் ஜெனியைக் கூப்பிட்டேன். வலது கொக்கி அவளுக்கு, இடது எனக்கு. “ஒன், டூ” என்பாள். மூன்று சொல்ல மாட்டாள். அதற்கு முன் தூக்கிவிடுவாள். நான் பிந்திவிடுவேன். “அப்பா, கம் ஆன்!” பிறகு எனக்கும் பழகிவிட்டது. மூடுவதற்கும் அப்படியே. வேலை முடிந்ததும் லிவரைத் தட்டிப் பின்னால் போய்விடுவாள்.

மாதம் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை. ஒரு தரம் வெயிலை நம்பிக் கூரையைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே போனேன். பிரசங்கம் நடக்கும்போது மேலே சடசட என்று சத்தம். என்னால் உட்கார முடியவில்லை. ஸ்டெல்லா தொடையில் கிள்ளினாள்.

“அசையாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

எழுந்து ஓடினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெனி. ஒன், டூ. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து மூடினோம். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று வலது கதவைத் திறந்தால், முன் சீட்டுக் குழியில் குளம் மாதிரி தண்ணீர். பின் சீட்டு அவ்வளவு நனையவில்லை. லிவரைத் தட்டினாள்.

உள்ளே ஃபாதர், “புனித சேவியர் கடல் தாண்டிப் போனார், நம்ம சேவியர் மழைக்கு ஓடிட்டார்” என்றாராம். ஸ்டெல்லா வேறு ஒருவர் காரில் வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் பேசவில்லை.

5

ஜெனிக்கு வண்டி பழகுகிற பெர்மிட் வந்தது. பெரியவர் ஒருவர் முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். வேலையே அதுதானே. ஸ்டெல்லாவின் காரை எடுத்துக்கொண்டு ஒரு காலி பார்க்கிங்குக்குப் போனோம்.

அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அப்போதுதான். கேட்டது கிடைத்தது. ஆனால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. திருப்பத்துக்கு முன்னால், கம்பத்துக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத இடத்துக்கு முன்னால், என் வலது கால், அங்கே பிரேக்கு இருக்கிற மாதிரி, தரையை மிதித்தது. மிதிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த சுற்று முடிவதற்குள் நிறுத்திவிட்டாள்.

“அப்பா. யுவர் ஃபுட்.”

“நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா.”

“உங்க கால் சொல்லுது!”

மறுநாளிலிருந்து ஸ்டெல்லா சொல்லிக் கொடுத்தாள்.

நான் அமைதியாக இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் போய் வருகிற வரை அபார்ட்மென்ட் வாசலில் நடப்பேன். என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவேன். எதிர்வீட்டு குஜராத்தி அங்கிள், டாக்டர் நடக்கச் சொன்னாரா என்று கேட்டார்.

அப்புறம் போன வாரம் ஸ்டெல்லா பேச்சை எடுத்தாள்.

“என்னங்க, ஒண்ணு கேக்கவா? அவ லைசென்ஸ் எடுத்துருவா. வீட்ல ரெண்டு வண்டி. ஒண்ணு நான் டூட்டிக்குக் கொண்டு போறது. இன்னொண்ணு ஒழுகுது. பிள்ளைய எதுல அனுப்புறது?”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“வாயத் தொறந்து சொல்லுங்க. அந்த வண்டில உங்களுக்கு என்னதான் இருக்கு? ஒரு நாளாவது நிம்மதியா ஓட்டிருக்கீங்களா? வானத்தப் பாத்துப் பாத்து ராக்கெட் விடுறவன் மாதிரி ஆயிட்டீங்க.”

சொல்லலாம்தான். ஜெனி அந்தப் பக்கம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஒரு வருடமாக ஸ்கூலுக்குப் போகும்போதெல்லாம் அந்த முன் சீட்டு காலியாக வந்துகொண்டிருக்கிறது. விற்றுவிட்டால் நான்கு கதவு வண்டி வரும். பின் சீட்டு நன்றாக அகலமாக இருக்கும். அத்தோடு முடிந்தது. இரண்டு வருடத்தில் காலேஜுக்குப் போய்விடுவாள்.

“வித்துரலாம்” என்றேன்.

ஜெனி நிமிர்ந்து பார்த்தாள். விளம்பரம் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினாள். முதல் வரியே ‘டெய்லி டிரைவர்.’

சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் வந்தார். உயரமான ஆள். வண்டியைப் பார்த்ததும் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பானட்டைத் தூக்கிப் பார்த்தார். சாவியைத் திருப்பிச் சத்தம் கேட்டார். தலையை ஆட்டினார். நான் வண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன்.

“எனி ப்ராப்ளம்ஸ்?” என்று என்னைக் கேட்டார்.

நான் ஜெனியைப் பார்த்தேன். அவள் தொடங்கினாள்.

இங்கிலீஷில் வேகமாகப் பேசினாள். எனக்குச் சொல் சொல்லாகத்தான் பிடிபட்டது. ஆனால் ஒவ்வொன்றாகக் கையால் காட்டினாள். முழங்காலைத் தட்டினாள், ஒழுகுவது. காதைப் பிடித்தாள், ஹீட்டர். பின் பிளாஸ்டிக்கைச் சுரண்டினாள். செத்துப்போன மோட்டாருக்குக் கழுத்தை அறுப்பது போல் ஒரு சைகை. மூக்கைப் பொத்தினாள், மழைக்குப் பிறகு வருகிற நாற்றம். நான் கவனித்தே இராத இரண்டு மூன்றையும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு தலையை ஆட்டுவதை நிறுத்தினார். பிறகு மணியைப் பார்த்தார். ஜெனியின் கையைக் குலுக்கி, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஸ்டெல்லா மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தாள்.

“என்னடி சொன்ன அவர்ட்ட?”

“உண்மை” என்றாள் ஜெனி. தமிழில்.

“எல்லாத்தையுமாடி சொல்லுவாங்க?”

“நீங்கதான பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க.”

“உங்க அப்பா சொல்லிக் குடுத்தாரா?”

“ஹிம்? ஹி டசன்ட் சே எனிதிங்.” பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். “அப்பா, சாவி.”

“எதுக்கு?”

“ஐ வான்ட் டு டிரைவ் திஸ் ஒன். மம்மி வில் சிட் வித் மீ. ஐசலினுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போகணும்னு சொன்னாங்கல்ல?”

சாவியைக் கொடுத்தேன். கூரைக் கொக்கிகளை விடுவித்தோம். ஒன், டூ. ஒன்றாகத் தூக்கினோம். ஜெனி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சீட்டை முன்னே தள்ளிக்கொண்டாள். வலது கதவைத் திறந்து நானும் ஸ்டெல்லாவும் நின்றோம். நான் முன் சீட்டைப் பார்த்தேன்.

“எனக்கு முட்டி மடங்காதுங்க. பின்னாடி எப்படிப் போவேன்?” என்றாள் ஸ்டெல்லா.

“மம்மி இன் ஃப்ரன்ட்” என்றாள் ஜெனி. “யூ வில் ப்ரேக்.”

லிவரைத் தட்டினேன். சீட்டு மடங்கியது. எப்படித்தான் ஒரு வருடம் நுழைந்தாளோ. முதலில் ஒரு கால், பிறகு தலை, பிறகு மீதி. முழங்கால் தாடையில் இடித்தது. எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறேன். ஒரு காரின் பின் சீட்டில் டிரைவரின் முதுகைப் பார்த்து நான் உட்கார்ந்தது கிடையாது. ஜெனியின் பின்னங்கழுத்தில் ஸ்டெல்லாவுக்கு இருப்பது போலவே ஒரு மச்சம் இருக்கிறது. தெரியாது எனக்கு.

மெதுவாகத்தான் எடுத்தாள். பெரிய ரோட்டில் ஏறியதும் காற்று அடித்தது. அடித்தது என்றால் அறைந்தது. சட்டைக் காலர் கன்னத்தில் படபடத்தது. கண்ணில் நீர் வந்தது. மூச்சை எந்தப் பக்கம் திருப்பி விடுவது என்று தெரியவில்லை. முன்னால் ஸ்டெல்லாவின் கொண்டை அசையவே இல்லை.

“இவ்ளோ காத்தா!” என்று கத்தினேன்.

“டோல்ட் யூ!” என்று கத்தினாள் ஜெனி. “ஃபர்ஸ்ட் டே!”

சிக்னலில் நின்றோம். காற்று நின்றது. அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். அதில் அவள் கண்கள் என்னைப் பார்த்தன. என் முகம் முழுதாக அவளுக்குத் தெரிந்திருக்கும். முடி நின்றுகொண்டு, கண் கலங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

“சொல்லுங்க சார்” என்றாள். ‘சார்’ மட்டும் அமெரிக்க சார். “எங்க போகணும்?”

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. கறிவேப்பிலை வாங்க என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. ஒரு இடமும் வரவில்லை.

“நேரா போம்மா” என்றேன்.

பச்சை விழுந்தது. போனாள். முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் ஒரு திருப்பம். இரண்டு கையாலும் என் வலது முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் கால் கீழே இறங்கித் தரையை அழுத்தியது. இந்தக் காற்றில் அவளுக்குக் கேட்டிருக்காது.